ஐம்பத்தாறு வயதில் கப்பலேறிய கவிஞர்



மொசார்ட் என்ற பெயரை நீங்கள் கேட்டிருப்பீர்கள். மேற்கத்திய இசை பக்கமே போகாதவர்கள்கூட அவருடைய மெட்டு ஒன்றை லிஃப்டிலோ, தொலைபேசியில் காத்திருக்கச் சொல்லும்போதோ கேட்டிருப்பார்கள். அவர் இசையமைத்த மிகப் புகழ்பெற்ற மூன்று ஓபராக்களுக்குச் சொல் எழுதிக் கொடுத்தவர் யார் என்று கேட்டால் நம்மில் பலருக்குத் தெரியாது. பாடலாசிரியர் பெயர் பின்னால் போய்விடுவது எல்லா ஊரிலும் நடப்பதுதான்.

ஓபரா என்றால் பாட்டாலேயே நடக்கும் நாடகம். அதற்குக் கதையையும் உரையாடலையும் செய்யுளாக எழுதிக் கொடுக்க ஒரு கவிஞர் வேண்டும். மொசார்ட்டுக்கு அப்படி எழுதிக் கொடுத்தவர் லொரென்சோ டா பொன்டே. இத்தாலியில் பிறந்தவர். ஊர் ஊராகப் பிழைத்து, கடைசியில் அமெரிக்காவில் குடியேறி, 89 வயதில் நியூயார்க்கில் இறந்தவர். காதல் எப்படி மாறுகிறது, காலம் எப்படிப் போகிறது என்பதுதான் அவர் எழுத்தில் திரும்பத் திரும்ப வரும் விஷயம்.

முப்பது வருடங்களுக்கு மேல் வங்கியில் லெட்ஜர் எழுதியவனுக்கு ஓபராவில் என்ன வேலை என்று நீங்கள் நினைக்கலாம். இந்த மனிதரின் வாழ்க்கையில் கடன், ஜாமீன், திவால், மளிகைக் கடை, நஷ்டம் எல்லாமே உண்டு. அது எனக்குப் பழக்கமான பக்கம். அந்தப் பக்கத்தைப் புரட்டப் போய்த்தான் அடுத்த பக்கத்தில் இருந்த கவிதை கண்ணில் பட்டது. காதல் ஒரு நாள்கூடத் தாங்காது என்று மேடையில் எழுதிக் காட்டியவர், தன் வீட்டில் ஒரே பெண்ணோடு 39 ஆண்டுகள் வாழ்ந்தார். அந்தக் கணக்கைத்தான் உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

பெயர் மாறிய சிறுவன்

1749 மார்ச் 10 அன்று, வெனிஸ் குடியரசைச் சேர்ந்த செனேடா என்ற சிற்றூரில் ஒரு யூதக் குடும்பத்தில் அவர் பிறந்தார். பெற்றோர் வைத்த பெயர் எமானுவேலே கொனெல்யானோ. அப்பா தோல் வியாபாரி. ஐந்து வயதுவாக்கில் அம்மா இறந்துபோனார். பதினோரு வயது வரை எழுதப் படிக்கத் தெரிந்ததைத் தவிர வேறு கல்வி கிடையாது.

மனைவியை இழந்த அப்பா, வயதில் மிகவும் இளைய ஒரு கத்தோலிக்கப் பெண்ணை மறுமணம் செய்துகொள்ள விரும்பினார். அந்தக் காலச் சட்டப்படி யூதர் கிறிஸ்தவப் பெண்ணை மணக்க முடியாது. ஆகவே 1763 ஆகஸ்டில் மூன்று மகன்களோடு மதம் மாறினார். ஞானஸ்நானம் கொடுத்த ஆயரின் பெயர் லொரென்சோ டா பொன்டே. வழக்கப்படி குடும்பம் முழுவதும் ஆயரின் குடும்பப் பெயரை ஏற்றது. மூத்த மகனுக்கு அவருடைய முழுப் பெயரும் வந்து சேர்ந்தது. அப்போது அந்தப் பையனுக்கு வயது 14.

அப்பாவின் மறுமணத்துக்காகப் பெயரும் மதமும் மாறிய பையனுக்கு அதனால் ஒரு லாபமும் கிடைத்தது. ஆயரின் உதவியால் குருமடத்தில் இடம் கிடைத்து, லத்தீனும் இத்தாலியக் கவிதையும் படித்தான். ஏழை வீட்டுப் பையன் மேலே படிக்க வேண்டுமானால் பாதிரியார் ஆவதுதான் வழி. 1773-ல் பாதிரியாராகப் பட்டம் பெற்றார். மனசு அதில் இருந்ததாகத் தெரியவில்லை. வெனிஸ் நகரில் சூதாட்டம், பெண் சிநேகம் என்று நாட்கள் போயின. ட்ரெவிசோ ஊரில் ஆசிரியர் வேலை கிடைத்தது. மனிதன் சட்டதிட்டங்களுக்குள் வாழ்வதால் மகிழ்ச்சி அடைந்தானா, இயற்கை நிலையிலேயே மகிழ்ச்சியாக இருந்தானா என்ற பொருளில் அங்கே அவர் தயாரித்த கவிதைகள் அரசாங்கத்துக்குப் பிடிக்கவில்லை. 1776-ல் வேலை போனது. வெனிஸ் ஆட்சிக்கு உட்பட்ட எந்தப் பள்ளியிலும் கற்பிக்கக் கூடாது என்று தடையும் வந்தது.

1779-ல் ஒழுக்கக்கேட்டு வழக்கில் 15 ஆண்டுகளுக்கு நாடுகடத்தப்பட்டார். பாதிரியார் ஒருவர் இன்னொருவர் மனைவியோடு பகிரங்கமாகக் குடும்பம் நடத்தினார் என்பது குற்றச்சாட்டு. இந்த இடத்தில் அவருக்கு யாரும் நன்னடத்தைச் சான்றிதழ் கொடுக்க முடியாது. அப்போது அவருக்கு வயது 30. கையில் இருந்தது கவிதை எழுதத் தெரிந்த திறமை மட்டும்.

வியன்னாவில் மூன்று நாடகங்கள்

கொரீட்சியா, ட்ரெஸ்டன் என்று சுற்றிவிட்டு, 1780களின் தொடக்கத்தில் வியன்னா போய்ச் சேர்ந்தார். கையில் அரசவை இசையமைப்பாளர் சாலியேரிக்கு ஒரு அறிமுகக் கடிதம் இருந்தது. 1783-ல் பேரரசர் இரண்டாம் யோசேப்பு இத்தாலிய ஓபராவை மறுபடி தொடங்கியபோது, அதற்கான கவிஞர் பதவி டா பொன்டேக்குக் கிடைத்தது. அதற்கு முன் அவர் சொந்தமாக ஒரு ஓபரா நூல்கூட எழுதியதில்லை. முதலில் சாலியேரிக்கு எழுதிக் கொடுத்தது தோல்வி அடைந்தது. சாலியேரி கோபித்துக்கொண்டு இனி இவர் சொல்லுக்கு இசையமைக்க மாட்டேன் என்றார். பிறகு சமாதானம் ஆனது வேறு கதை.

அதே 1783-ல் ஒரு பிரபுவின் வீட்டில் மொசார்ட்டைச் சந்தித்தார். இருவரும் சேர்ந்து ஏழு ஆண்டுக்குள் மூன்று ஓபரா செய்தார்கள். மூன்றையும் நான் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

முதலாவது 'ஃபிகாரோவின் திருமணம்'. 1786 மே 1 அன்று வியன்னாவில் அரங்கேறியது. பிரெஞ்சு எழுத்தாளர் போமார்ஷேயின் நாடகம் அதற்கு மூலம். வேலைக்காரன் தன் எஜமானனான பிரபுவை மடக்கும் கதை என்பதால் அந்த நாடகத்தை வியன்னா மேடையில் நடத்தத் தடை இருந்தது. அரசியல் கடுமையை நீக்கி எழுதுகிறேன் என்று பேரரசரிடம் சொல்லி அனுமதி வாங்கியவர் டா பொன்டே. இந்த வேலைக்கு மொசார்ட்டுக்கு 450 ஃப்ளோரின், கவிஞருக்கு 200 ஃப்ளோரின் கொடுத்தார்கள். விகிதம் எவ்வளவு என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்த ஓபராவில் பிரபுவின் மனைவி ஒரு பாட்டுப் பாடுகிறாள். சில வருடங்களுக்கு முன் அவளைத் துரத்தித் துரத்திக் காதலித்துக் கைப்பிடித்தவன்தான் அவள் கணவன். இப்போது அவன் பார்வை வேலைக்காரப் பெண் மேல் போய்விட்டது. மனைவி தனியாக நின்று, அந்த நல்ல நாட்கள் எங்கே போயின என்று தன்னைத்தானே கேட்டுக்கொள்கிறாள். சந்தோஷம் போய்விட்டது சரி, அதன் நினைவாவது போகக் கூடாதா என்பது அவள் வருத்தம். கோபப்பட்டுக் கத்தவில்லை, சாபமிடவில்லை. கடைசியில் ஒரு சின்ன நம்பிக்கையோடு பாட்டை முடிக்கிறாள். இதை எழுதியபோது டா பொன்டேக்கு வயது 37. கல்யாணம் என்றால் என்ன என்று தெரியாத நாடோடிப் பாதிரியார் அவர். எப்படி எழுதினார் என்பது ஆச்சரியம்தான்.

இரண்டாவது 'டான் ஜொவான்னி'. 1787 அக்டோபர் 29 அன்று பிராக் நகரில் அரங்கேறியது. அந்த ஆண்டு மொசார்ட், சாலியேரி, மார்ட்டின் என்ற மூவருக்கு ஒரே சமயத்தில் மூன்று ஓபராக்கள் எழுதினார். பக்கத்தில் ஒரு புட்டி டோக்காய் ஒயினும் செவில் நகரத்துப் பொடியும் வைத்துக்கொண்டு நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரம் எழுதியதாக அவரே தன் வரலாற்றில் சொல்கிறார். டான் ஜொவான்னி பெண்களை ஏமாற்றியே வாழ்ந்தவன். அவனுடைய வேலைக்காரன் ஒரு பட்டியல் வைத்திருக்கிறான். இத்தாலியில் 640 பேர், ஜெர்மனியில் 231, பிரான்ஸில் 100, துருக்கியில் 91, ஸ்பெயினில் 1,003. பாட்டில் கூட்டுத்தொகை வராது. வங்கிக்காரனுக்குக் கை சும்மா இருக்குமா? கூட்டிப் பார்த்தேன், 2,065. இவ்வளவு பெரிய லெட்ஜரில் அவனுக்காக அழ ஒரு பெண்ணாவது இருந்தாளா என்றால், ஒருத்தி இருந்தாள். அவளிடமே அந்தப் பட்டியலை வாசித்துக் காட்டுகிறான் வேலைக்காரன். அரங்கில் எல்லோரும் சிரிக்கும் காட்சி அது. அவள் நிற்கும் இடத்திலிருந்து பார்த்தால் சிரிப்பு வராது.

மூன்றாவது 'கொஸி ஃபான் டூட்டே'. 1790 ஜனவரி 26 அன்று வியன்னாவில் அரங்கேறியது. இரண்டு இளம் அதிகாரிகள் தங்கள் காதலிகள் ஒருபோதும் மாற மாட்டார்கள் என்று பந்தயம் கட்டுகிறார்கள். ஒரே நாள் அவகாசம். மாறுவேடத்தில் வந்து ஒருவர் காதலியை மற்றவர் மயக்கிப் பார்க்கிறார்கள். பொழுது முடிவதற்குள் இரண்டு பெண்களும் மனம் மாறிவிடுகிறார்கள். பந்தயம் தோற்றுப்போகிறது. காதலின் ஆயுள் ஒரு நாள் என்று நாற்பது வயதில் டா பொன்டே போட்ட கணக்கு இது.

ஜாமீன் கையெழுத்து

1790 பிப்ரவரியில் பேரரசர் இறந்தார். புதிய பேரரசரிடம் டா பொன்டேயைப் பிடிக்காதவர்கள் போட்டுக்கொடுத்தார்கள். 1791-ல் வேலை போனது. அதே ஆண்டு டிசம்பர் 5 அன்று மொசார்ட்டும் 35 வயதில் இறந்தார்.

வேலையில்லாமல் ட்ரியெஸ்ட் துறைமுகத்தில் இருந்தபோதுதான் நான்சி கிரால் என்ற பெண்ணைச் சந்தித்தார். வயதில் சுமார் இருபது ஆண்டுகள் இளையவர். பாதிரியார் பட்டம் பெற்றவர் கத்தோலிக்க முறைப்படி மணம் செய்ய முடியாது. இருவரும் கணவன் மனைவியாகவே வாழத் தொடங்கி, 1792-ல் சேர்ந்து புறப்பட்டார்கள். பாரிஸ் போகலாம் என்று எண்ணம். அரசி மரீ அந்துவானெத் மறைந்த பேரரசரின் தங்கை. அவருக்குச் சிபாரிசுக் கடிதம் கையில் இருந்தது.

வழியில் காசனோவாவைப் பார்க்கப் போனார்கள். பெண்கள் விஷயத்தில் உலகப் புகழ் பெற்ற அதே காசனோவாதான். அப்போது வயதாகி, பொஹீமியாவில் ஒரு பிரபுவின் நூலகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். டா பொன்டேக்கு அவர் கொஞ்சம் பணம் பாக்கி. வசூல் ஆகவில்லை. பணத்துக்குப் பதிலாக யோசனை கொடுத்தார். பாரிஸ் போகாதே, லண்டன் போ என்றார். அங்கே இத்தாலியர்கள் கூடும் காபிக் கடைக்குள் கால் வைக்காதே, யாருக்காகவும் உன் கையெழுத்தைப் போட்டுக் கொடுக்காதே என்றும் சொன்னார்.

பாக்கிப் பணத்தைவிட இந்த யோசனை மதிப்பு அதிகம் என்பேன். என் கவுன்டருக்கு முன்னால் எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன். மைத்துனனுக்காக, கூட வேலை செய்தவருக்காக, பக்கத்து வீட்டுக்காரருக்காக ஜாமீன் போட்டுவிட்டு, நோட்டீஸ் வந்த பிறகு கவரைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து நிற்பார்கள். தான் வாங்காத பணத்துக்குத் தன் சம்பளத்தில் பிடிக்க முடியுமா என்று கேட்பார்கள். முடியும் என்று சொல்வதைத் தவிர எனக்கு வேறு வழி இருந்ததில்லை.

டா பொன்டே யோசனையில் முதல் பாதியைக் கேட்டார். பிரெஞ்சு அரசி சிறைப்பட்ட செய்தி வழியிலேயே வந்துவிட்டதால் லண்டனுக்கு வண்டியைத் திருப்பினார். இரண்டாம் பாதியைக் கேட்கவில்லை. லண்டனில் கிங்ஸ் தியேட்டரில் கவிஞர் வேலை கிடைத்தது. அதன் முதலாளி வில்லியம் டெய்லர் கடனிலேயே அரங்கை நடத்தியவர். அவருக்காக டா பொன்டே உண்டியல்களில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். ஒன்றல்ல, பல. கெடு தேதி வந்ததும் கடன்காரர்கள் இவரைப் பிடித்தார்கள். திரும்பத் திரும்பக் கைதானார். 1800-ல் திவாலானார். பிறகு இத்தாலியப் புத்தகக் கடை வைத்துப் பார்த்தார். கடன் தீரவில்லை.

இதற்கு நடுவில் ஒரு நல்லது நடந்தது. 1798-ல் இத்தாலிக்குப் போனவர், பல ஆண்டுகளுக்குப் பிறகு சொந்த ஊரில் வயதான அப்பாவைப் பார்த்தார். அதற்குப் பிறகு அவர் அப்பாவைப் பார்க்க வாய்க்கவில்லை.

1804-ல் நான்சி நான்கு குழந்தைகளோடு அமெரிக்காவிலிருந்த தன் உறவினர்களிடம் போனார். டா பொன்டே லண்டனில் தனியாகக் கடன்காரர்களோடு இருந்தார். அடுத்த வசந்தத்தில் மறுபடி கைது வரப் போகிறது என்று தெரிந்ததும், 1805 ஏப்ரல் 7 அன்று கப்பலேறிவிட்டார். அப்போது வயது 56.

நம்மில் வேலை ஓய்வு பெற்றவர்கள் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். 56 வயதில் நாம் பி.எஃப். எவ்வளவு வரும், பென்ஷன் எவ்வளவு வரும் என்று காகிதத்தில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தோம். இந்த மனிதர் கடனுக்குப் பயந்து அட்லாண்டிக்கைத் தாண்டிக்கொண்டிருந்தார். கடன்காரருக்குச் சொல்லாமல் ஓடியது தப்பு. வங்கிக்காரனாக அதை நான் நியாயப்படுத்த மாட்டேன்.

மளிகைக் கடையில் ஒரு கவிஞர்

ஏறக்குறைய இரண்டு மாதப் பயணத்துக்குப் பிறகு, ஜூன் 4 அன்று பிலடெல்ஃபியாவில் இறங்கினார். மூட்டையில் இருந்தவை ஒரு பெட்டி வயலின் தந்திகளும் சில இத்தாலியப் புத்தகங்களும். அங்கிருந்து நியூயார்க் போய் மனைவி மக்களோடு சேர்ந்தார். மொசார்ட்டோடு வேலை செய்தவர் என்பதற்கு அந்த ஊரில் அன்று ஒரு பைசா மதிப்பு கிடையாது. இத்தாலிய ஓபராவை அங்கே யாரும் பார்த்ததே இல்லை.

நான்சியிடம் கொஞ்சம் சேமிப்பு இருந்தது. அதை முதலாகப் போட்டு மளிகை வியாபாரம் தொடங்கினார்கள். முதலில் நியூயார்க்கில், பிறகு நியூஜெர்சியில் எலிசபெத் டவுனில். உங்களில் பிள்ளைகளைப் பார்க்க நியூஜெர்சி போகிறவர்கள் எலிசபெத் என்ற ஊரின் பெயரைப் பலகையில் பார்த்திருப்பீர்கள். அதே ஊர்தான். தேயிலை நிறுத்துக் கொடுத்தும் புகையிலை வெட்டிக் கொடுத்தும் கவிஞர் நின்றார். தன் கோலத்தைப் பார்த்துத் தனக்கே சிரிப்பு வந்ததாகப் பின்னால் எழுதினார். வியாபாரம் கைகொடுக்கவில்லை. கடன் கொடுத்தால் வசூலிக்கத் தெரியாதவர்.

1807-ல் நியூயார்க்கில் ஒரு புத்தகக் கடையில் கிளெமென்ட் கிளார்க் மூர் என்ற இளைஞரோடு பேச்சு வந்தது. மூரின் அப்பா கொலம்பியா கல்லூரியின் தலைவர். கிறிஸ்துமஸ் தாத்தா கலைமான் வண்டியில் வரும் புகழ்பெற்ற குழந்தைக் கவிதை பின்னாளில் இந்த மூரின் பெயரில்தான் வந்தது. பேச்சில் இத்தாலிய இலக்கியம் வந்தது. அதைக் கற்றுக்கொள்ள ஆசைப்பட்ட மூர் தானும் சேர்ந்து நண்பர்களையும் கூட்டி வந்தார். மளிகைக்காரர் வாத்தியார் ஆனார்.

இதோடு கதை நல்லபடி முடிந்திருக்கலாம். முடியவில்லை. 1811-ல் பென்சில்வேனியாவில் நான்சியின் உறவினர்கள் இருந்த சன்பரி என்ற சிற்றூருக்குக் குடிபோனார்கள். அங்கே மளிகை, சாராயம் காய்ச்சுதல், சன்பரிக்கும் பிலடெல்ஃபியாவுக்கும் வண்டி வைத்துச் சரக்கு ஏற்றுதல் என்று ஏழு வருடம் போனது. அங்கும் ஏமாற்றமும் நஷ்டமும்தான். 1819-ல் எழுபது வயதில் மறுபடி நியூயார்க் வந்தார்கள். மூரும் பழைய மாணவர்களும் கைகொடுத்தார்கள். நான்சி மாணவர்களுக்கு வீட்டிலேயே தங்குமிடமும் சாப்பாடும் கொடுத்து விடுதி நடத்தினார். கவிஞர் பாடம் நடத்தினார், இத்தாலிப் புத்தகங்களை வரவழைத்து விற்றார்.

இந்த இடத்தில் நான்சியைப் பற்றி ஒரு வார்த்தை. எத்தனை தடவை முதல் போனது, எத்தனை தடவை வீடு மாறியது என்று பாருங்கள். ட்ரியெஸ்ட், லண்டன், நியூயார்க், எலிசபெத் டவுன், சன்பரி, மறுபடி நியூயார்க். கூடவே ஐந்து பிள்ளைகள். 1821-ல் ஜோசப் என்ற மகன் இருபது வயதை ஒட்டி இறந்துபோனான். கணவர் போட்ட கையெழுத்துகளின் விலையைக் கட்டியதில் பெரும்பங்கு இந்த அம்மாளுடையது. நம் வீடுகளிலும் இப்படி ஒரு கணக்கு உண்டு. அது எந்த பாஸ்புக்கிலும் ஏறுவதில்லை.

பழைய பாட்டு புது ஊருக்கு வந்தது

1825-ல் கொலம்பியா கல்லூரி அவரை இத்தாலிய மொழிப் பேராசிரியராக நியமித்தது. அந்தக் கல்லூரியில் அந்தப் பதவிக்கு அவர்தான் முதல் ஆள். சம்பளம் கிடையாது. சேரும் மாணவர் கட்டும் தொகைதான் வருமானம். மாணவர் எண்ணிக்கை குறைந்துகொண்டே வந்தது. பட்டம் மட்டும் கடைசிவரை இருந்தது.

அதே ஆண்டு நவம்பர் 29 அன்று நியூயார்க் பார்க் தியேட்டரில் மானுவெல் கார்சியா என்ற பாடகரின் குழு முதன்முதலாக அந்த நகரில் இத்தாலிய ஓபராவை நடத்தியது. அன்று போட்டது ரோசினி இசையமைத்த 'செவில் நகரத்து நாவிதன்'. இதுவும் போமார்ஷேயின் நாடகம்தான், ஃபிகாரோ கதைக்கு முந்தைய பாகம். பிரபு அந்தப் பெண்ணைத் துரத்தித் துரத்திக் காதலித்த கதை. ஃபிகாரோவில் தனியாக நின்று பழைய நாட்களைத் தேடும் அந்த மனைவி, இங்கே காதலுக்கு ஏங்கும் இளம்பெண். அந்தப் பெண்ணாகப் பாடியவர் கார்சியாவின் 17 வயது மகள் மரியா. ஓபராவுக்காகப் பல ஆண்டுகள் ஏங்கியிருந்த 76 வயதுக் கவிஞருக்கு, தன் கதாநாயகியின் இளமைக் கதைதான் முதலில் வந்து சேர்ந்தது.

விடுவாரா? 'டான் ஜொவான்னி'யைப் போட வேண்டும் என்று கார்சியாவிடம் முயன்றார். 1826 மே 23 அன்று அது நியூயார்க்கில் அரங்கேறியது. பிராக்கில் முதல் காட்சி நடந்து 38 ஆண்டுகள் ஆகியிருந்தன. மொசார்ட் இல்லை, பேரரசர் இல்லை. சொல் எழுதியவர் இருந்தார்.

இந்தக் காலத்தில்தான் தன் வாழ்க்கை வரலாற்றை இத்தாலிய மொழியில் எழுதிப் பகுதி பகுதியாக அச்சிட்டார். 1828-ல் 79 வயதில் அமெரிக்கக் குடியுரிமை பெற்றார்.

1831 டிசம்பரில் நான்சி இறந்தார். டா பொன்டேக்கு அப்போது 82 வயது. நம் வளாகத்தில் இதே நிலையில் இருப்பவர்களை நீங்களும் நானும் அறிவோம். இத்தனை வருடம் இரண்டு டம்ளர் காபி போட்ட அடுப்பில் ஒரு டம்ளர் போடத் தெரியாமல் நிற்பவர்கள். ஆறுதல் சொல்லப் போகிறவர்களுக்கும் பேச்சு வராது. நல்ல நாட்கள் எங்கே போயின, நினைவு மட்டும் ஏன் போகவில்லை என்று 37 வயதில் ஒரு கற்பனைப் பெண்ணைக் கேட்க வைத்தவர், 45 ஆண்டுகள் கழித்து அதே கேள்வி தன்னிடம் வந்து நின்றபோது என்ன செய்தார்? உட்கார்ந்து நான்சியைப் பற்றிக் கவிதைகள் எழுதினார். அடுத்த ஆண்டே அவற்றை நூலாக அச்சிட்டார். அரசரும் கேட்கவில்லை, மேடையும் இல்லை, கூலியும் இல்லை. 39 ஆண்டுகள் கூட இருந்தவளுக்கு எழுதினார். டான் ஜொவான்னியின் பட்டியலில் 2,065 பேர். டா பொன்டேயின் இந்தப் புத்தகத்தில் ஒருவர்.

பிறகும் சும்மா இருக்கவில்லை. நியூயார்க்கில் இத்தாலிய ஓபராவுக்கென்றே ஒரு அரங்கம் கட்ட வேண்டும் என்று பணக்காரர்களிடம் நடையாய் நடந்தார். 1833 நவம்பர் 18 அன்று, அவருடைய 84-வது வயதில், அது திறக்கப்பட்டது. அமெரிக்காவில் ஓபராவுக்காகவே கட்டப்பட்ட முதல் அரங்கம் அது. வரவுக்கு மேல் செலவு. இரண்டு பருவம்தான் தாங்கியது. சில ஆண்டுகளில் கட்டடமும் தீயில் போனது.

1838 ஆகஸ்ட் 17 அன்று டா பொன்டே காலமானார். நியூயார்க்கின் பழைய புனித பேட்ரிக் தேவாலயத்தில் இறுதிச் சடங்கு நடந்தது. அடக்கம் செய்த இடத்துக்கு அடையாளம் வைக்கப்படாமல், நாளடைவில் எது அவர் கல்லறை என்றே தெரியாமல் போயிற்று. வியன்னாவில் மொசார்ட்டின் கல்லறைக்கும் இதே கதிதான். அந்தப் பழைய கல்லறைத் தோட்டத்து எச்சங்களைப் பிற்காலத்தில் குயின்ஸ் பகுதியிலுள்ள கால்வரி கல்லறைத் தோட்டத்துக்கு மாற்றினார்கள். 1987-ல் அங்கே அவர் பெயரில் ஒரு நினைவுக்கல் வைத்தார்கள்.

கடைசியாக

அவர் வாழ்க்கைக்கு ஒரு பேலன்ஸ் ஷீட் போட்டால் பற்றுப் பக்கம்தான் நீளமாக இருக்கும். நாடுகடத்தல், திவால், நான்கைந்து வியாபாரத் தோல்வி, மாணவர் இல்லாத பேராசிரியர் பதவி, நொடித்துப்போன அரங்கம். வரவுப் பக்கத்தில் மூன்று ஓபராக்கள், இத்தாலிய மொழி கற்ற நியூயார்க் மாணவர்கள், பிறகு நான்சி. கூட்டினால் டேலி ஆகுமா என்று கேட்காதீர்கள். என் அனுபவத்தில் இந்த வகைக் கணக்கு டேலி ஆனதே இல்லை.

ஒன்று மட்டும் உங்களிடம் சொல்லத் தோன்றுகிறது. காதல் மாறும், காலம் கொண்டுபோய்விடும் என்று அவர் இளமையில் எழுதியது பொய் என்று நான் சொல்ல வரவில்லை. மேடையில் அவர் அளந்தது ஒரு நாளை. வீட்டில் அவர் வாழ்ந்தது 39 ஆண்டுகளை. அந்த ஆண்டுகளில் பெரும்பகுதி கடையைத் திறப்பது, மூட்டை கட்டுவது, கடனுக்குப் பதில் சொல்வது, பிள்ளைகளுக்குச் சோறு போடுவது என்றுதான் போயிருக்கும். நம் நாட்களும் அப்படித்தானே போகின்றன? பராமரிப்புக் கட்டணம், தண்ணீர் லாரி, மருந்துச் சீட்டு, பேரனின் ஆன்லைன் வகுப்பு. அதற்குள்தான் எல்லாம் இருக்கிறது.

ஒரு மாலை நேரம் ஓய்வாக இருக்கும்போது யூடியூபில் 'ஃபிகாரோவின் திருமணம்' தேடி, மூன்றாம் அங்கத்தில் அந்தப் பிரபுவின் மனைவி பாடும் பாட்டைக் கேளுங்கள். ஐந்தாறு நிமிடம்தான். மொழி புரியாவிட்டாலும் பாதகமில்லை, விஷயம் உங்களுக்கு இப்போது தெரியும். வீட்டில் துணை இருப்பவர்கள் அவரையும் பக்கத்தில் உட்கார வைத்துக் கேளுங்கள். தனியாக இருப்பவர்கள் சொல்லி அனுப்புங்கள். சாயங்காலம் நான் வீட்டில்தான் இருப்பேன், சேர்ந்து கேட்கலாம்.